எர்த் குழிக்கு ஒரு குடம்

மே 6, செவ்வாய்

காலையிலேயே அனல். பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றபடியே கல்லூரி. லேபில் ஃபேன் ஓடவில்லை. ஓடினாலும் வெக்கையைத்தான் கிண்டும்.

இன்றும் அலை வரவில்லை. நானும் ரஹ்மத்தும் இதோடு மல்லுக்கட்டுவது இரண்டாவது கோடை. கம்பிச் சுருளும் கெபாசிட்டரும் மாற்றி மாற்றிக் கோத்த நீள வரிசை. ஒரு முனையில் உயர் மின்னழுத்தத்தை ஒரே தட்டாகத் தட்டினால், அந்தத் துடிப்பின் உச்சி அதன் அடிப்பகுதியைவிட வேகமாக ஓடும். முகப்பு செங்குத்தாகும். பிறகு உடைந்து, மறுமுனையில் பலமான ரேடியோ அலையாக வெளியே வர வேண்டும். புத்தகத்தில் வருகிறது. எங்கள் ஆஸிலோஸ்கோப் திரையில் மொட்டைச் சுவர் மாதிரி ஒரு கோடு.

ர.: "ஏலே, மூஞ்சியத் தொங்கப் போடாத. புதுக் கெபாசிட்டரு வரட்டும். வோல்ட்டு ஏற ஏற இளைச்சுப் போற ரகம். அதுல வரும் பாரு."

இதுவரை இளைத்தது நாங்கள்தான்.

நாளைக்கு: சுருளுக்கு ஈயம் வைக்க. அம்மாவுக்கு மாத்திரை. செருப்பு தைக்க.

மே 7, புதன்

கெபாசிட்டர் வந்துவிட்டது. தண்ணீர் லாரி வரவில்லை.

லேபுக்குப் பின்னால் எர்த் குழி. உப்பும் கரியும் போட்டுக் கம்பி இறக்கியது. கருவியின் இரும்புச் சட்டத்தில் கரண்ட் கசிந்தால் இது வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். கோடையில் இந்த ஊர் மண் சுட்ட ஓடு. ஈரம் இருந்தால்தான் கரண்ட்டை வாங்கும். தினமும் ஒரு குடம் ஊற்றுவது ர. வேலை. வாட்ச்மேன் புலம்புவார்: "குடிக்கவே தண்ணியக் காணோம், இவுக குழிக்கு அபிஷேகம் பண்றாக."

இன்று குடத்தோடு போனவன் வெறுங்கையோடு வந்தான்.

"ஹாஸ்டல் பிள்ளைக கேட்டுச்சுக. பரீட்சைக்குப் போகணுமாம், மூஞ்சி கழுவக்கூடத் தண்ணி இல்லையாம். குடுத்துட்டேன்."

"குழிக்கு?"

"ஒரு நாள்ல என்னடா ஆகப்போகுது. லாரி வரவும் ரெண்டு குடமா ஊத்துறேன்."

சரி என்றேன். நானும்தான் சரி என்றேன்.

மே 9, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றும் லாரி வரவில்லை. புதுக் கெபாசிட்டரைக் கோத்துவிட்டு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. மதியம் அதன் முதல் ஷாட், ஒரே ஒரு தட்டு. விலகி நின்று பட்டனை அழுத்தினேன். திரையைப் பார்ப்பதற்கு முன் பாதுகாப்பு, அது ர. வைத்த விதி. சார்ஜரை நிறுத்தினான். தடியால் தொட்டுக் கெபாசிட்டரில் மிச்சமிருந்ததை இறக்கினான். எல்லாம் முறைப்படி. பிறகு சட்டத்தில் கை வைத்தான்.

அவ்வளவுதான். நிறுத்திய பிறகும் மெயின் கரண்ட் அந்தப் பழைய சார்ஜருக்குள் கசிந்திருக்கிறது. சட்டம் முழுக்கக் கரண்ட். காய்ந்த குழி வாங்கவில்லை. அவன் வழியாக இறங்கிவிட்டது. மெயினை அணைத்தேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

மதுரை. ஐ.சி.யூ. அவன் அத்தா மகனைப் பார்க்க வீரசோழனிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லேல்ல தம்பி?"

"ஒண்ணும் இல்ல அத்தா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டிலுக்கு மேலே, பச்சைக் கோடு ஓடும் திரை. அதையே பார்த்தபடி நின்றார். உட்காரச் சொன்னோம். கேட்கவில்லை.

மே 10, சனி

லேபில் விசாரணை. எச்.ஓ.டி.: "குழி காஞ்சு கெடக்கே. தண்ணி ஊத்துறது யாரு பொறுப்பு?" நான் திரும்பிப் பார்த்தேன். ஹாஸ்டல் பிள்ளைகள் வாசலில் நின்று அழுதார்கள். வாங்கிய குடம் குழிக்கானது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது.

ஆஸிலோஸ்கோப்பில் ஒவ்வொரு ஷாட்டும் தானாகப் பதிவாகும். கடைசியைத் திறந்தேன்.

அலை. நாங்கள் இரண்டு கோடையாகக் கேட்டது, அப்படியே.

எச்.ஓ.டி. எட்டிப் பார்த்தார். "அருமையா வந்திருக்கேப்பா." அவரை அறையலாம் போலிருந்தது. அதைவிட மோசம், எனக்கும் ஒரு நொடி சந்தோஷம் வந்தது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். கண் விழித்ததும் அவனுக்குக் காட்ட.

மே 12, திங்கள்

விடிவதற்குள் ர. போய்விட்டான். கண் விழிக்கவே இல்லை.

பிணவறை வாசல். உள்ளே போஸ்ட்மார்ட்டம். அத்தா வேப்பமரத்தடியில், நான் பக்கத்தில். டீ வாங்கி வந்தேன், ஆறிப்போனது. என் சட்டைப் பையில் பிரிண்ட் துருத்திக்கொண்டிருந்தது.

"என்னப்பா அது?"

வாங்கி விரித்தார். நீளமாக ஒரு கோடு, திடீரென்று ஏற்றம், அப்புறம் சீராக, ஒன்றன்பின் ஒன்றாக. வெகுநேரம் பார்த்தார்.

"எம்புள்ள நெஞ்சப் படம் எடுத்ததா?"

"ஆமா அத்தா."

விரலால் ஒவ்வொரு ஏற்றமாகத் தடவினார்.

"நல்லாத்தானப்பா அடிச்சிருக்கு. பெறகு ஏன் நின்னுச்சு?"

மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.