முந்தி வந்த வெளிச்சம்

மார்ச் 3

என் மருமகளுக்கு,

அத்தை எழுதுறேன். நல்லா இருக்கேன்னு எழுத வரல, இருக்கேன். என் பிள்ளை காய்ச்சலில் போனதிலிருந்து, மத்தியான வெயில் ஜன்னல் வழியா வந்து அவன் கட்டிலில் படுத்துக்குது. அது எழுந்து போற வரைக்கும் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துடுறேன். இஸ்திரிக் கடைக்காரர், நான் வேலைக்கு வரலைன்னு திட்டுறார். திட்டட்டும்.

ஆராய்ச்சிக் கூடத்தில் நீங்க ரெண்டு பேரும் வேலை பார்த்த அந்த மேஜை ஞாபகம்தான். ஒரே நேரத்தில் ரெண்டு வெளிச்சம் விடுவோம், ஒண்ணு காற்றில் போகும், இன்னொண்ணு கண்ணாடிச் சுவரில் முட்டும், சுவரைத் தாண்டி வர்றதுதான் முந்தும்னு சொல்வான். "வரிசையில் பூந்து வர்றவன் மாதிரியாடா?"ன்னு கேட்டேன். அப்படிச் சிரிச்சான்.

அவனும் பெத்தவளை நடக்க விட்டுட்டு முந்திட்டான். அந்த வெளிச்சத்தில் ஒரு வார்த்தை வச்சு அனுப்பும்மா, அவனைப் பிடிச்சிடும். "சாப்பிட்டியா"ன்னு மட்டும் போதும். மேஜையைப் பிரிக்கப் போறாங்களாமே, விடாதே.

அத்தை

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல. அந்த வெளிச்சம் வேகமா ஓடலை அத்தை. யாருமே ஓடலை. ஒரு கூட்டம் நடந்து வருதுன்னு வச்சுக்குங்க. சுவரில் முட்டி கிட்டத்தட்ட எல்லாரும் திரும்பிடுறாங்க. முன்னாடி வந்தவங்களில் கொஞ்சம் பேர்தான் அந்தப் பக்கம் போறாங்க. அந்தச் சின்னக் கூட்டத்தோட நடு, காற்றில் வந்த பெரிய கூட்டத்தோட நடுவுக்கு முன்னாடி நிக்கும். அதான் முந்தின மாதிரி தெரியுது. சேதி எதுவும் அதில் முந்திப் போகாது. அவருக்கும் இது தெரியும்.

மேஜையைப் பிரிக்கச் சொன்னது என்னைத்தான். வேற ஊரில் வேலை கிடைச்சிருக்கு, இன்னும் பதில் போடலை. உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்? இருன்னு எழுதுங்க, இருந்துடுறேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 20

கண்ணம்மா,

திரும்பத் திரும்பப் படிச்சேன். கூட்டம் புரிஞ்சது, நடு புரியலை, விட்டுட்டேன். யாருமே ஓடலைன்னு எழுதினியே, அங்கேயே நின்னுட்டேன். என்னைத் தவிக்கவிட்டு ஓடிட்டானேன்னு அவன் மேல் அவ்வளவு கோபம் எனக்கு. ஓடலையாமே. பாவம், முன்னாடி நடந்துட்டிருந்திருக்கான்.

இருன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். கைக்கு ஆசைதான், நான் விடலை. நீ போ. மேஜையை உன் கையாலேயே பிரி, அவசரப்படாதே. கண்ணாடியை மெத்துன்னு இருக்கிற துணியில் துடைச்சு வை, அடுத்து வர்ற பிள்ளைங்க பாவம். நான் கடைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். முதல் நாளே கடைக்காரர் சட்டையைத் தீய்ச்சேன். "நீ வராமலே இருந்திருக்கலாம்"ங்கிறார்.

போய்ச் சேர்ந்ததும் எழுது. மெதுவாவே வரட்டும், நான் இருக்கேன்.

அத்தை