ஒரு வாரம் என்று சொல்லிப் போனவனுக்கு

கடலோடு என்னமோ பேச்சு வைத்துக்கொண்டு கரைக்கு வர மறந்துபோன என் அருமை மச்சானுக்கு,

உன் பெண்டாட்டி தனத்தின் அண்ணன், திருநள்ளாறு லாட்ஜ் வரவேற்பறையின் ஏக சக்கரவர்த்தி, நாற்பது பாஷை கரைத்துக் குடித்தவன் எழுதுகிறேன். நாற்பதிலும் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த சேதி. சனீஸ்வரனைப் பார்க்க வருகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் என் மேஜை முன்னால் நின்று முதலில் கேட்பது, வாரத்துக்கு என்ன வாடகை என்பதைத்தானே? அப்படி வாரம் வாரமாகச் சேர்ந்த ஞானம் என்னுடையது.

அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு போன மாதம் உன் வீட்டில் என்ன செய்தேன் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் மகன் கதிர் இப்போது விசைப்படகு ஓட்டுகிறான், தெரியுமா? அவனோடு சேர்த்து ஆறு பேர். ஒரு திங்கட்கிழமை விடியலில் கிளம்பினான். கிளம்புகிற ஆளிடம் எப்போது வருவாய் என்று மண்டபத்தூரில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் ஆகாது. போகிறவனாகப் பார்த்து ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவதுதான். கதிரும் போட்டான். "ஒரு வாரம்தாம்மா."

நீயும் அதைத்தானே சொன்னாய், பதினோரு வருஷத்துக்கு முன்னால்? நீ சொன்ன அந்த வாரம் இன்னும் முடியவில்லை, மச்சான்.

அடுத்த திங்கள் வந்தது. கதிர் வரவில்லை. செல்போனும் இல்லை, வயர்லெஸ்ஸும் இல்லை. செவ்வாய் காலையில் சேதி கேட்டு லாட்ஜைப் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். தனம் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

படகைக் காணோம் என்று வீட்டுக்காரர்கள் பஞ்சாயத்தாரிடம் போய் வாய்விட்டுச் சொன்னால்தான் ஊரில் தேடக் கிளம்புவார்கள். அந்த வார்த்தையை அவள் சொல்லிவிடக் கூடாது என்று எனக்குப் பயம். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம். வாரம் முடியாதவரைக்கும் படகு தாமதமே இல்லையே? அதனால் வாரத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன்.

"தனம், வாரம்னா என்னன்னு நெனச்சே? வடமொழியில அதுக்கு முறைன்னு அர்த்தம். ஒருத்தர் முறை போயி அடுத்தவர் முறை வர்றது. முறை என்ன மணி அடிச்சுக்கிட்டா வரும்? கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும்."

"சொல்லுண்ணே," என்றாள்.

"இங்கிலீஷ்காரன் வீக்குங்கிறானே, அது திரும்பறதுங்கிற பழைய வார்த்தையிலேருந்து வந்ததாம். ஆகக்கூடி படகு திரும்பினாத்தான் வாரம் முடியும். அது இன்னும் திரும்பலை. வாரமும் முடியலை."

"படகு திரும்பலைன்னு நீயே சொல்லிட்டே பாரு," என்றாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பாஷையைத் தேடினேன்.

இதில் ஒரு சங்கடம். உலகத்தில் முக்கால்வாசிப் பாஷைகள் ஈவு இரக்கமில்லாமல் வாரத்தை ஏழு என்றே சொல்லிவைத்திருக்கின்றன. இந்திக்காரனின் ஹஃப்தா, பாரசீகத்து ஏழு. அரபியில் உஸ்பூ, அதுவும் ஏழிலிருந்து கிளைத்தது. பிரெஞ்சுக்காரனின் செமேனைக் கீறினால் உள்ளே லத்தீன் ஏழு. அத்தனை பேரையும் பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தேன். அடுத்த வீட்டு மரைக்காயர், குவைத்தில் இருந்து வந்தவர், ஆறுதல் சொல்ல வந்தபோது எங்கே உஸ்பூ என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று அவரைப் பேசவே விடவில்லை. பாவம், டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை காலையில் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை தவறாமல் காரைக்காலில் இருந்து கோயிலுக்கு வருவாரே, அவர்தான்.

"தனம், அவரு அடுத்த வாரம் வர்றேன்னு சொல்ல மாட்டாரு. எட்டு நாள்லே வர்றேம்பாரு. பிரெஞ்சுக்காரங்க பேச்சுல வாரத்துக்கு எட்டு நாள். இது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. நமக்கும் எட்டுதான்."

அவள் விரலை மடக்கினாள். "போற நாளையும் சேத்து எண்ணுவாங்களாட்டம் இருக்கு. அப்படிப் பாத்தாலும் முந்தாநேத்தே எட்டு ஆச்சேண்ணே."

பெரியவரிடம் இத்தனை வருஷம் இதை நான் கேட்டதே இல்லை.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "சிங்கப்பூர்லேருந்து பக்தர்கள் வராங்களே, அவங்க மலாய்ல வாரத்துக்கு மிங்கு. போர்ச்சுக்கீசியன் ஞாயித்துக்கிழமைக்கு வச்ச பேரு அது. அவங்களுக்கு ஞாயிறும் வாரமும் ஒண்ணு. அதனால ஞாயித்துக்கிழமை வரைக்கும்..."

"அண்ணே."

நிறுத்தினேன்.

"திங்கக்கிழமை பொழுது சாயறதுக்குள்ளே நான் போயி காணோம்னு சொல்லிட்டேன். நேத்து விடியலிலேயே பன்னண்டு படகு தேடப் போயிருக்கு."

கடலைப் பார்த்தாலே குமட்டும் எனக்கு. வங்கக் கடலில் நான் எடுத்த வாந்தியால் இலங்கையில் வெள்ளம் வந்ததாகச் சொல்வாயே. கரைப்பக்கம் எட்டிப் பார்க்காமலே இரண்டு நாள் திண்டாடியிருக்கிறேன். பார்த்திருந்தால் படகில்லாத வெறும் மணல் எனக்குச் சொல்லியிருக்கும்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லலே?"

"நீ பேசலைன்னா நீயே விழுந்துடுவேன்னு தோணுச்சு. அதான் பேசட்டும்னு விட்டேன்." பிறகு சொன்னாள்: "அன்னிக்கு அவரைக் காணோம்னு நான் சொல்லப் போனப்ப ஆளாளுக்கு வாரம் முடியட்டும்னாங்க. முடிஞ்ச பிறகு ரெண்டு நாள் பொறுன்னாங்க. பொறுத்தேன். கடைசியில கடல்ல மிதந்த ஒரு டீசல் கேனைக் கொண்டுவந்து குடுத்தாங்க."

உனக்குத் தெரியுமா இது, மச்சான்? அந்தக் கேனை வைத்துத்தான் உனக்குக் காரியம் செய்தோம்.

கிழமை என்றால் உரிமை. சனிக்கிழமை சனிக்கு உரியது. அந்த உரிமையில்தான் எங்கள் லாட்ஜே சோறு தின்கிறது. நான் இதைக் கூடை கூடையாகப் பேசுகிறவன். தனம் தனியாகப் போய்ச் சொன்ன அந்தத் திங்கட்கிழமை யாருக்கு உரியது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் பஞ்சாயத்தார் ஒருவர் வந்தார். ஒரு படகைப் பார்த்துவிட்டார்கள், கியர் உடைந்து மிதக்கிறது, கட்டி இழுத்து வருகிறார்கள் என்றார். "ஆளுங்க?" என்றாள் தனம். வயர்லெஸ் இரைச்சலில் அது மட்டும் கேட்கவில்லையாம்.

அந்த ராத்திரியை விட்டுவிடு. வியாழன் காலையில் துறைமுகத்தில் நின்றோம். நானும் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றேன், குமட்டவில்லை. இழுவைக் கயிறு முதலில் தெரிந்தது, பிறகு படகு. தனம் மகனைத் தேடவில்லை. தலைகளை எண்ணினாள். ஆறு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதிர் உதடு வெடித்து, கண் உள்ளே போய், பக்கத்தில் வந்து நின்றான். "என்னம்மா, ஒரு வாரம்னுதானே சொன்னேன்," என்றான். அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இன்றைக்குக் காலையில் படகு மறுபடியும் கிளம்பியது. கடன் இருக்கிறது, கடல் இருக்கிறது, வேறென்ன செய்வான்? கயிறு அவிழ்க்கிற நேரத்தில் கதிர் வழக்கம்போல வாயெடுத்தான். தனம் குறுக்கே பேசினாள்.

"எந்தக் கிழமை வருவே?"

துறைமுகமே நின்றுவிட்டது. ஐஸ் தள்ளிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. "யம்மா, என்னம்மா கேக்குறே," என்றான் கதிர், மெல்ல.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை. வெயில் தாழறதுக்குள்ளே."

பிறகு என்ன நடந்தது என்று நினைக்கிறாய்? கூட்டத்தில் இருந்து இன்னொரு பெண் தன் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதையே கேட்டாள். அப்புறம் ஒரு தாய். ஆறு பேரும் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை நான் துறைமுகத்தில் நிற்பேன். எந்தப் பாஷையையும் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். வெயில் தாழ்ந்தும் படகு தெரியவில்லை என்றால், பஞ்சாயத்தாரிடம் நான் நடப்பேன், காணோம் என்று நான் சொல்வேன். உனக்காக ஒருமுறை, உன் மகனுக்காக ஒருமுறை சொல்லியிருக்கிறாள் அவள். மூன்றாவது முறை அந்த வார்த்தை என் தங்கச்சி வாயில் வராது.

சத்தியமாக,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகனுக்குத் தாய்மாமன்