பத்து நிமிடப் பேச்சு

ஜூன் 3, செவ்வாய்

என் வசனம் நாடகம்போல இருக்கிறதாம். ஸ்மிதா மேடம் ஆன்லைன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "வீட்டில் பத்து நிமிஷம் நடக்கிற பேச்சை ரெக்கார்ட் பண்ணி, ஒரு சொல் விடாம எழுதுங்க சார்."

ஆரியசாலை அரிசிக் கடையில் ஸ்டாக் எழுதுகிறவனுக்கு, நாற்பத்தொன்பது வயதில், பல்கலைக்கழகத்தில் திரைக்கதைப் படிப்பு! வேண்டும் எனக்கு. வீட்டில் என்ன பெரிய பேச்சு? மனைவி மலர் தொணதொணப்பாள். அவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து சாப்பிடும்போது போனில் ரெக்கார்ட் போட்டேன். மலருக்குத் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

அய்யோ, இது என் குரலா?

மலர் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். "இடது கண்ணு மங்கலாட்டு இருக்கு, கேட்டியளா? ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போணும்."

முதல் தடவை நான்: "சோத்துல கல்லு கிடக்கு." அடுத்து: "மதி." மூன்றாவது: "மதி மலரே, வாய மூடிட்டு மோர ஊத்து."

மொத்தம் ஏழு 'மதி'. கடையில் மலையாளம் பேசி ஒட்டிக்கொண்ட சொல்; போதும் என்று தமிழிலாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சத்தம்கூடப் போடவில்லை, கோபமும் இல்லை. உப்பு எடு என்பதுபோலச் சொல்கிறேன்.

பெயரை மட்டும் மாற்றினேன். கணவன் பெயர் தளவாய். அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கூடப் படிக்கிற பையன் பிரவின்ராஜ் சொன்னான்: "தளவாய் ஓவர் வில்லன் சார். பொண்டாட்டி கண்ணு தெரியலங்கா, இவன் மோர் கேக்கான். நெசத்துல எவனாவது இப்படி இருப்பானா? கொஞ்சம் மனுசனாக்குங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வெட்கங்கெட்டவன்.

மாற்றும் முன் வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார் மேடம்.

ஜூன் 13, வெள்ளி

கண் எப்படி இருக்கிறது என்று இன்றும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்க?

ஜூன் 15, ஞாயிறு

தாளை நீட்டினேன். "நீ மனைவிக்குள்ள வசனத்த வாசி, மலரே."

முகத்தைத் திருப்பி, வலது கண் பக்கமாகப் பிடித்து, கடைசிவரை மனதுக்குள் படித்தாள். பிறகு தாளை என்னிடமே தந்தாள்.

"நீங்க அவளுக்குள்ளத வாசியுங்க. அவனுக்குள்ளத நான் சொல்லுகேன். எனக்குத் தாள் வேண்டாம்."

வாசித்தேன். "இடது கண்ணு மங்கலாட்டு இருக்கு, கேட்டியளா?"

"சோத்துல கல்லு கிடக்கு" என்றாள். அப்படியே என் குரல்.

மூன்றாவது தடவை என்னால் வாசிக்க முடியவில்லை. அவள் எழுந்து மோர்ச் சட்டியைக் கழுவப் போனாள். பின்னாலேயே போய், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. ச்சே, என்ன மனுசன் நான்!

ஜூன் 16, திங்கள்

கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறதாம். போன பார்வை போனதுதான். மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாமாம். எப்போதிலிருந்து என்று கேட்டார் டாக்டர்.

"கிறிஸ்மஸ்லேருந்து" என்றாள் மலர்.

ஆறு மாதம்! நான் எண்ணியது ஒரு மதியத்தின் மூன்று தடவையை மட்டும்.

வீட்டில் சொல்லவில்லையா என்று மலையாளத்தில் அவளிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொன்னாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

தளவாய் என்று இருந்த இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டு மறுபடி அனுப்பினேன். வேறொன்றும் மாற்றவில்லை.

இன்று அரிசியில் கல் பொறுக்கியது நான். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தும் ஒரு கல்லை விட்டுவிட்டேன். அது மலர் வாயில் கடிபட்டது. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து சொன்னாள்.