குளிக்க வாரியாலே?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வரைந்த காமிக்ஸைப் படித்தேன். புளியறை செக்போஸ்ட் வழியாகக் கேரள எல்லையில் மரம் கடத்துகிற எங்களையே கதை சொல்ல விட்டிருக்கிறீர்கள். அதில் போலீஸ்தான் வில்லன். பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மீசையை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

எங்கள் தலைவர் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஒருவனைத் தீர்த்துக்கட்டும் முன் அவர் அன்பாக, “குளிக்க வாரியாலே?” என்று கேட்கிற பக்கம் வந்ததும் மேலே புரட்டாமல் நிறுத்திவிட்டார். “இத அவனுக்கு யாருலே சொன்னா?” என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இன்று காலை அண்ணாச்சி என் தோளில் கைபோட்டு, “மாப்பிள்ளையையும் கூட்டிட்டு குளிக்க வாரியாலே?” என்று கேட்டார்.

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இன்றே எங்காவது போய்விடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்கிறேன். நான் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

உங்கள் மச்சான்