மேல்மாடியில் முப்பத்தொன்பது டிகிரி

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? போனில் சொன்னால் அம்மா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

நாக்பூரில் புதிதாகக் கட்டிய வீடுகளை, ஏசியே தேவைப்படாத வீடுகள் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்குச் சான்று கொடுக்க, உள்ளே எவ்வளவு சூடு என்று எங்கள் ஆபீஸ் சார்பில் அளவெடுக்கப் போனேன். காலையில் கீழ்த்தளத்தில் அளந்தால் போதும் என்றார்கள். நான் மதியம் மூன்று மணிக்கு மேல்மாடியில் மேற்கு அறையில் அளந்தேன். உள்ளேயே முப்பத்தொன்பது டிகிரி!

வீடு விற்கும் கம்பெனியின் மேனேஜர் நம் ஊர் மடவார் வளாகத்துக்காரர். “ஏட்டி, ஒரு ஏசியப் போட்டா சரியாப் போகும். கையெழுத்தப் போடு” என்றார்.

“அண்ணாச்சி, நீங்க அரைமணி நேரம் இங்கன இருங்க. பொறவு போடுதேன்” என்றேன்.

பத்தே நிமிடத்தில் சட்டை நனைந்து வெளியே வந்துவிட்டார். அதையும் அறிக்கையில் எழுதிவிட்டேன். அளவை மாற்றி எழுதினால்தான் எனக்கு அடுத்த வேலை என்கிறது எங்கள் ஆபீஸ். நீங்கள் கவலைப்பட இதில் ஒன்றுமில்லை.

சுக்குப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். ஒருநாள் மூன்று மணிக்கு நம் வீட்டு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்து, எம்புட்டுச் சூடு என்று எழுதுங்கள். சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

ஆபீஸிலிருந்து போன் அடிக்கிறது. முப்பத்தொன்பது என்றுதான் சொல்வேன்.

உங்கள் மகள்,
பாண்டிசெல்வி