ராத்து குனிந்த நேரம்

சுவா மருத்துவமனை, செவ்வாய்.

அம்மாவுக்கு லித்தியாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

நான் நர்ஸ் பயிற்சி பெறும் வார்டில் நம் குலத்தலைவர் ராத்து விலியாமே இருக்கிறார். கையில் நாடி சரியாகப் பிடிபடவில்லை. "கழுத்துல பாரு" என்றார் பெரிய நர்ஸ். குலத்தலைவரின் தலையை யாரும் தொடக்கூடாது என்றுதானே வளர்த்தீர்கள், ராத்துவின் தலைப்பக்கம் கை வைப்பதா? தொடாமலே நாடி எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டேன்.

"ஏம்புள்ள, என் ரத்தம் உனக்கு ஃபோன் போட்டுச் சொல்லுச்சா?" என்று சிரித்து, ராத்துவே எழுந்து உட்கார்ந்து என் முன்னால் தலை குனிந்தார். எண்ணினேன். நூற்றிருபது! டாக்டர் ஓடிவந்தார். இப்போது அவருக்குத் தேவலை, பயப்படாதீர்கள்.

அப்பாவின் நொடிமுள் கடிகாரத்தை அனுப்புங்கள். இங்கே பேச ஆளில்லாதபோது என் நாடியையே எண்ணிப் பழகுகிறேன். டியூட்டிக்கு நேரமாகிறது.

ராத்து அப்போதே நிமிர்ந்துவிட்டார், அம்மா. நான்தான் இன்னும் நிமிரவில்லை.

லித்தியா