மெழுகில் விழுந்த ஆமென்

பிராங்ஸ், ஞாயிறு, 14 மார்ச் 1926

அன்புள்ள ஹிண்டாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, தெரிந்தாக வேண்டும் என்றுதான் கேட்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. டென்வரில் நல்ல வெயில், வராந்தாவில் படுக்கவைக்கிறார்கள், மூன்று வேளையும் பால், பக்கத்துக் கட்டில் பெண் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறாள், காய்ச்சல் தொண்ணூற்றொன்பது. போன வாரமும் தொண்ணூற்றொன்பது. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அதுவே. பெர்னில் நான் படித்த காலத்தில் ஆய்வுக்கூடத்தில் நான்கு முறை ஒரே எண் வந்தால், முதலில் கருவியைச் சந்தேகப்படு, கருவி சரியென்றால் எண்ணைக் குறித்தவரைச் சந்தேகப்படு என்பார் எங்கள் பேராசிரியர். காசநோய் சானடோரியத்தின் கருவியைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

இதை நான் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அப்பாவுக்கு வேலையில் ஒரு சங்கடம். அவர் சொல்லவில்லை. வியாழக்கிழமை பீனியா மாமா வயலினோடு வந்து, ஜாம் போட்ட தேநீரை இரண்டு கோப்பை குடித்துவிட்டு, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, நடந்ததையெல்லாம் அவர்தான் சொன்னார். பாடகி கித்தல் மர்கோலினாவின் புதுப் பாட்டை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்கிறார்கள். சுகமில்லாத பிள்ளையின் கட்டிலருகே ஒரு தாய் நின்று பாடுகிற பாட்டு. நடுவில், நோயாளிகளைக் குணமாக்குகிற ஆண்டவரே, நீர் வாழ்த்தப்படுவீராக என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியில் வாத்தியம் எதுவும் கிடையாது, அது முடிந்த உடனே அப்பாவின் கிளாரினெட் அழுதுகொண்டு நுழைய வேண்டும். செவ்வாய்க்கிழமை நடந்த பதிவில், முதலாவது மெழுகுத் தட்டில் அந்த வரி முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதிவு செய்கிறவர் நிறுத்தி, யாருப்பா அங்க பேசறது என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் பேசவில்லை என்றார்களாம். இரண்டாவது தட்டிலும் அதே இடத்தில் அதே குரல். பிறகுதான் தெரிந்திருக்கிறது, உன் அப்பா கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜெபக்கூடத்தில் வாழ்த்தைக் கேட்டவர்கள் சொல்வதுபோல, வாய்க்குள்ளேயே ஆமென் என்று சொல்லியிருக்கிறார்.

முன்பு ஒலியை வாங்குகிற தகரக் குழலுக்கு எதிரே உட்கார்ந்து வாசித்த நாட்களில் இதெல்லாம் யாருக்கும் கேட்டிருக்காது. அதன் வாய்க்கு நேரே ஊதினால்தான் எதுவும் மெழுகில் ஏறும், பக்கத்தில் இருமலாம், பீனியாவைத் திட்டலாம். போன வருஷம் வந்த இந்த மின்சார மைக் மூச்சுச் சத்தத்தைக் கூடத் தப்பவிடுவதில்லை. மூன்றாவது தட்டில் அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்லாமல் இருந்திருக்கிறார், ஆனால் அந்தப் போராட்டத்தில் அரைத் தாளம் பிந்தி நுழைந்தார். அதுவும் வீண்.

டேய் ஸல்மன், நோன்பு நாள்ல எனக்கு எதிர்லயே ஹெர்ரிங் மீன் தின்னவன்டா நீ, உனக்கு எதுக்குடா ஆமென், பாட்டுல வீணாச் சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா ஆண்டவர் பேரையே மாத்தித்தானே பாடுது, அது நெசமான ஜெபமே இல்ல, ரபியே கேட்டாலும் ஆமென் சொல்ல மாட்டாரு என்று பீனியா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கும் தெரியும்டா, வாய்க்குத் தெரியல என்றார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

இருபத்துமூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை இன்னொரு முறை முயற்சி செய்வார்கள். அப்போதும் கெட்டால் வேறு கிளாரினெட்காரரைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தட்டிலிருந்து ஒருவரை நீக்கினால் அடுத்ததற்கும் கூப்பிட மாட்டார்கள், உனக்குத் தெரியாததில்லை. வாயில் ஒரு முழு ஊறுகாய் வெள்ளரியை அடைத்துக்கொள்ளச் சொல்கிறார் பீனியா. கித்தல் மர்கோலினாவின் யோசனை அதைவிட உருப்படியானது. நான் அந்த வரியைப் பாடும்போது நீங்க சும்மா இருக்காதீங்க, அடியில ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடிங்க, வாய்க்கு வேலை இருந்தா பேசாது என்றாராம். மூன்று நாளாக அடுக்களையில் அப்பா அதைத்தான் பழகுகிறார். பாட்டுக்காரி இடத்தில் நான். எனக்குப் பாட வராது, நம்பிக்கையும் கிடையாது, கடைச் சாமான் பட்டியல் படிப்பதுபோல அந்த வரியைப் படிக்கிறேன், அவர் அடியில் இழுக்கிறார். வாய் பேசவில்லை. ஆனால் வரி முடிந்ததும், அழுகைக்கு முன்னால், தாளில் எழுதாத இரண்டு சிறிய ஸ்வரம், ஆ என்று ஒன்றும் மென் என்று ஒன்றும், கிளாரினெட்டிலிருந்து விழுகிறது. ஒவ்வொரு முறையும். அவருக்கே அது தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. பதிவு செய்கிறவர் அதை அழுகையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வாரா, நான்காவது தட்டையும் உடைப்பாரா, எனக்குத் தெரியாது.

உன் கடிதங்களை அவர் கிளாரினெட் பெட்டியில், ஊதுவாயில் பொருத்துகிற ரீடுகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். நேற்று எடுத்துப் பார்த்தேன். நான்கு கடிதத்திலும் தொண்ணூற்றொன்பதின் கீழ் மெல்லிய பென்சில் கோடு. ஆகவே பேராசிரியரின் பாடம் எனக்கு மட்டும் தெரிந்ததல்ல. நிஜ எண் மோசமாக இருந்தால் ஸல்மனுக்குக் கை நடுங்கும், அவளை எழுதச் சொல்லாதே என்று பீனியா வாசற்படியில் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்த எண்ணோடு மனிதர் உட்கார்ந்து வாசிக்கலாம். தெரியாதபோதுதான் வாய் தானாகத் திறக்கிறது.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உனக்குக் கிடைக்கும். அன்றே பதில் போட்டால் திங்கட்கிழமை இங்கே வந்துவிடும். பாஸ்காவுக்குப் புளிப்பில்லா அப்பம் தனியாக அனுப்புகிறேன், அங்கே தருவதை நம்பாதே. கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொள். முட்டையைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடாதே. சிரித்தால் இருமல் வருமென்றால் சீட்டாட்டம் வேண்டாம்.

ஆசீர்வதிக்க எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். நீ எழுந்து நடந்து வீட்டுக்கு வர வேண்டும், அதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறக்காமல் நிஜ எண்ணை எழுது, எவ்வளவாக இருந்தாலும். செவ்வாய்க்கிழமை உன் அப்பா ஆமென் சொல்லத்தான் போகிறார். எதற்குச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஜென்யா